லடாக் பாறைகள் காட்டும் இரட்டை மோதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இமயமலையின் தோற்றம் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இந்தியா நேராகச் சென்று ஆசியாவின் மீது மோதியது என்ற அளவில் நின்றுவிட்டது. நடந்தது அவ்வளவு எளிதன்று என்பதற்கு லடாக்கின் கார்துங் எரிமலைப் பாறைகள் சான்றாக உள்ளன.

எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகும்போது, அதிலுள்ள மாக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் அப்போதைய புவிக்காந்தப் புலத்தின் திசையைத் தமக்குள் பதித்துக்கொள்கின்றன. அத்திசை நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழக் கிடைமட்டமாகவும், துருவத்தை நெருங்க நெருங்கச் செங்குத்தாகவும் அமைவதால், பாறை பிறந்த அட்சரேகையைக் கணக்கிட முடிகிறது. விரல் பருமனுள்ள உருளையொன்றைப் பாறையில் துளைத்தெடுத்து, அது இருந்த திசையை அதன் மேலேயே கோடிட்டுக் குறித்து, பிற்காலத்தில் படிந்த காந்தப் பதிவுகளைப் படிப்படியாகச் சூடேற்றி நீக்கிய பின்பே அளக்கிறார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும் இதற்கு!

2020-இல் வெளியான ஆய்வின்படி, இன்று 34 பாகை வடக்கில் உள்ள இப்பாறைகள், 6.6 முதல் 6.2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 8 பாகை வடக்கில், அதாவது இன்றைய கன்னியாகுமரியின் அட்சரேகையில் இருந்தன. ஆசியாவின் தென்விளிம்போ அப்போது இதற்கு வெகு வடக்கே இருந்தது. எனவே இப்பாறைகள், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே அன்று விரிந்திருந்த டெதிஸ் கடலின் எரிமலைத் தீவுத் தொடர் ஒன்றில் பிறந்தவை; அத்தொடரில் முதலில் மோதிய இந்தியா, அதன் பிறகே ஆசியாவை முட்டியது என்பது அவ்வாய்வாளர்களின் முடிவு. அத்தீவுத் தொடர் முன்னதாகவே ஆசியாவோடு இணைந்துவிட்டது என்போரும் உண்டு. இவ்விரு தரப்பையும் விளக்கும் கட்டுரையொன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி