"லினக்ஸ்ல இதெல்லாம் வராது சார்" என்று சொல்லும் சர்வீஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். சென்னையில் சின்ன ஆபீஸ், கடை, அச்சகம் என்று ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டு, வெயிலில் பைக்கில் அலைந்து கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற அண்ணன் தம்பிகளுக்கு எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. எங்கள் கடைக்கு வந்த தம்பி இதைப் படித்தால் அவருக்கே தெரிந்துவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

பாரிமுனையில், ஆண்டர்சன் தெருவுக்குப் பக்கத்தில், ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பதும் பில் போடுவதும் என் வேலை. உள்ளே டிசைனருக்கு ஒரு விண்டோஸ் 11 மெஷின், முன்னால் கஸ்டமர் உட்காரும் இடத்தில் இரண்டு பழைய மெஷின். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது, 11-ஐப் போடலாம் என்றால் அந்த இரண்டும் அதற்குத் தாங்காத வயசு, அதனால் முதலாளியிடம் சொல்லிவிட்டு நானே இரண்டிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். எல்லாம் நன்றாகவே ஓடியது. டிசைனர் மெஷினில் இருக்கும் ஷேர் ஃபோல்டர், அதாவது மற்ற மெஷின்களும் நெட்வொர்க் வழியாகத் திறக்கிற பொது ஃபோல்டர், அது மட்டும் முன்னால் திறக்கவில்லை. தை மாத முகூர்த்த சீசன், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து தாய்மாமன் பெயர் எந்த வரியில் வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் பென் டிரைவோடு உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி வந்தார். ஃபைல் மேனேஜரில் நெட்வொர்க்கைத் திறந்தார், காலி. "லினக்ஸ்ல இதெல்லாம் வராது சார்." சொல்லிவிட்டு டிசைனர் மெஷினில் எஸ்எம்பி 1-ஐ (எஸ்எம்பி என்பது மெஷின்கள் ஃபைல் பகிரப் பேசும் மொழி, 1 அதன் பழைய பதிப்பு) ஆன் செய்தார், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தார், ஃபோல்டருக்கு எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தார். அப்போதும் வரவில்லை. புது மெஷின் 35,000 ஆகும் என்று முதலாளி காதில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கியபிறகு நானே உட்கார்ந்தேன். நெட்வொர்க் ஜன்னல் காலியாக இருந்தால் மெஷின் இல்லை என்று அர்த்தமில்லை, முதலில் அதை நம்புங்கள். பழைய எஸ்எம்பி 1 காலத்தில் ஒவ்வொரு மெஷினும் "நான் இங்கே இருக்கேன்" என்று நெட்பயாஸ் என்ற பழைய முறையில் கூவிக்கொண்டிருக்கும். இப்போதைய விண்டோஸ் வேறு முறையில் கூவுகிறது, அந்தக் குரல் பல லினக்ஸ் ஃபைல் மேனேஜர்களின் காதில் விழுவதில்லை. அதற்கென்ன, கதவு எண் தெரிந்தால் நேராகப் போய்த் தட்டலாமே. கன்ட்ரோலும் எல்-ம் அழுத்தி, எஸ்எம்பி என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அப்புறம் டிசைனர் மெஷினின் ஐபி எண், அதுதான் நெட்வொர்க்கில் அதன் கதவு எண். எண்டர் தட்டியதும் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்டது. அவ்வளவுதான், வழி திறந்துதான் இருந்திருக்கிறது.

பாஸ்வேர்டில்தான் அடுத்த சிக்கல். டிசைனர் தினமும் அடிக்கிற நாலு இலக்கத்தைப் போட்டால் வேண்டாம் என்கிறது. அது பின் நம்பர் (PIN). அந்த நம்பர் அந்த ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளே போவதற்கு மட்டும், நெட்வொர்க் வழியாக வந்தால் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். டிசைனருக்கோ அது என்னவென்றே மறந்துபோய்விட்டது (நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அதே கதைதான்). விண்டோஸில் "ப்ரூஃப்" என்று தனியாக ஒரு லோக்கல் யூசர் உருவாக்கி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். ஷேரிங் டேபில் ஒரு தடவை, செக்யூரிட்டி டேபில் ஒரு தடவை, இரண்டிலும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இரண்டில் எது கெடுபிடியோ அதுதான் செல்லும். ஃபோல்டர் திறந்தது. மொத்தம் 20 நிமிஷம். எவ்ரிஒன் என்று போட்டும் ஏன் வரவில்லை என்றால், எவ்ரிஒன் என்பது வாசலில் பெயர் சொல்லி உள்ளே வந்த எல்லோரும். வாசலிலேயே நின்றுவிட்ட எங்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

எஸ்எம்பி 1 விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற மால்வேர் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது இந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருஷக் கடைசியிலிருந்து மைக்ரோசாஃப்டே புதிய விண்டோஸ் 10-ல் அதைச் சேர்க்காமல் விட ஆரம்பித்தது. லினக்ஸ் பக்கத்தில் இந்த எஸ்எம்பி வேலையைப் பார்ப்பது சாம்பா என்ற மென்பொருள், எங்கள் முதலாளி அதை அரிசி ரகம் என்றே நினைத்திருந்தார், 1992-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர் தொடங்கியது. அந்த சாம்பாவும் 2019-ல் 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐத் தானாகப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. ஆக நீங்கள் திறந்து வைத்த கதவு வழியாக எங்கள் மின்ட் மெஷின் வரப்போவதே இல்லை. வேறு யாராவது வந்தால்தான் உண்டு.

அப்புறம் இந்த எர்ரர் எண்கள். ஷேரை மவுண்ட் செய்யும்போது, அதாவது நம் மெஷினின் ஒரு ஃபோல்டரோடு இணைக்கும்போது, திரையில் ஒரு வரி வருகிறது, அதைப் படிக்காமலே மூடிவிடுகிறீர்கள். 13 என்றால் பெயர், பாஸ்வேர்டு, அனுமதி, இதில் ஏதோ ஒன்று. 2 என்றால் பெரும்பாலும் ஷேர் பெயரில் எழுத்துப்பிழை. 115 வந்தால் அந்தப் பக்கம் பதிலே வரவில்லை, ஃபயர்வாலில் எஸ்எம்பி வந்துபோகும் வாசலான 445-ஆம் போர்ட்டைப் பாருங்கள், விண்டோஸ் நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று எடுத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் கதவைச் சாத்தும், பிரைவேட் ஆக்கினால் போதும், முழு ஃபயர்வாலையும் அணைக்கத் தேவையே இல்லை. 112 பொல்லாதது. மெஷின் படுத்துவிட்டது என்று சொல்லும், ஆனால் மெஷின் குத்துக்கல் மாதிரி நிற்கும். பல சமயம் இரண்டு பக்கமும் வேறு வேறு எஸ்எம்பி பதிப்பு பேசுவதுதான் காரணம், பழைய நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க்கில் மாட்டும் ஹார்டு டிஸ்க் பெட்டி) பார்க்கலாம். சூப்பர்பிளாக் என்று ஒரு வரி வந்ததைப் பார்த்து ஹார்டு டிஸ்க் போச்சு என்று என் நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே இல்லாமல் இருந்தது சிஐஎஃப்எஸ் யூட்டில்ஸ் என்ற, ஷேரை மவுண்ட் செய்ய உதவும் சின்ன பேக்கேஜ். அதைப் போட்டதும் சரியாகிவிட்டது.

நான் ஒன்றும் எல்லாம் தெரிந்தவன் இல்லை. தினமும் தானாகத் திறக்கட்டும் என்று, மெஷின் எழும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்ற பட்டியலான எஃப்ஸ்டேப்பில் ஒரு வரி எழுதினேன். முதல் நாள் எல்லா ஃபைலும் ரூட், அதாவது லினக்ஸின் அட்மின் கணக்கு, அதன் பெயரில் வந்து நின்றது, படிக்கலாம், சேமிக்க முடியாது. யூஐடி 1000 என்று என் கணக்கின் எண்ணைச் சேர்த்தபிறகு சரியானது. இரண்டாவது வாரம் காலையில் கரண்ட் போய் வந்தது. முன் மெஷின் முதலில் எழுந்துவிட்டது, டிசைனர் மெஷினை இன்னும் யாரும் ஆன் செய்யவில்லை, ஷேர் மவுண்ட் ஆகவில்லை. எனக்கோ அது தெரியாது. அதே ஃபோல்டரில் ஏழு பில் போட்டுச் சேமித்தேன். மதியம் ஷேரை மவுண்ட் செய்ததும் ஏழும் மாயம். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பில்கள் எங்கேயும் போகவில்லை, இந்த மெஷினின் வெற்று ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தன, அதன்மேல் ஷேர் வந்து போர்வை மாதிரி மூடிவிட்டது. மவுண்டை எடுத்ததும் எல்லாம் இருந்தது. அதற்கப்புறம் ஆட்டோமவுண்ட் போட்டுவிட்டேன், ஃபோல்டரைத் தொடும்போதுதான் இணையும், அந்தப் பக்கம் ஆள் இல்லை என்றால் எர்ரர் காட்டும், ஏமாற்றாது. கரண்ட் போய் வந்தால் ஐபி மாறுகிற தொல்லை வேறு இருந்தது, ரௌட்டரில் டிசைனர் மெஷினுக்கு ஒரே எண்ணை ஒதுக்கியதும் அதுவும் நின்றது.

இவ்வளவையும் நீங்கள் ஒரே விசிட்டில் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு சர்வீஸ் காலுக்கு உங்கள் கைக்கு வருவது என்ன என்று எனக்குத் தெரியும், அதில் பெட்ரோலும் போக வேண்டும். "எனக்கு இது பழக்கமில்லை, பார்த்துச் சொல்றேன்" என்று சொன்னால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் (BOSS) என்ற லினக்ஸை உருவாக்கியது இந்தச் சென்னையில்தான், அரசின் இலவச லேப்டாப்பில் அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று உங்களில் பாதிப் பேர் இருப்பீர்கள். வராது என்று மட்டும் சொல்லாதீர்கள், எர்ரரை முழுசாகப் படியுங்கள், எதையாவது அணைத்தால் திரும்ப ஆன் செய்துவிட்டுப் போங்கள்.

எங்கள் கடையில் எஸ்எம்பி 1-ஐ நானே அணைத்துவிட்டேன், ஃபயர்வாலும் ஓடுகிறது. டிசைனர் மெஷினின் எண், ஷேர் பெயர், யூசர் பெயர் மூன்றையும் ஒரு பத்திரிகை அட்டையின் பின்பக்கம் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். பாஸ்வேர்டு மட்டும் என்னிடம் கேட்க வேண்டும். அடுத்து வருகிறவர் முதலில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு மவுஸைத் தொடட்டும், டீ சொல்லி வைக்கிறேன்.