நைனா, நான் வளர்க்கும் செடி எது என்றால்

லீமிங்டன், ஒன்டாரியோ, கனடா
தை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்களும் பாப்பாவும் நலமாக இருக்கிறீர்களா? தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். திண்ணையில் பெரியப்பா இருப்பார், பால்காரர் இருப்பார். இதை நீங்கள் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மூலிகைச் செடி வளர்க்கிற கம்பெனியில் வேலை என்று சொல்லியிருந்தேன். பாதியைச் சொல்லி மீதியை மறைத்துவிட்டேன். நான் வளர்ப்பது கஞ்சாச் செடி, நைனா.

அம்மா பதறுவாள் என்று தெரியும். அதனால் இதை முதலில் படித்துக் காட்டுங்கள். இந்த நாட்டில் 2018 அக்டோபர் 17 முதல் இது சட்டப்படியான தொழில். சுகாதாரத் துறை உரிமம் தந்தால்தான் கம்பெனி நடத்தலாம். இந்த மாகாணத்தில் 19 வயது ஆனவர் கடையில் வாங்கலாம், ஒரு வீட்டில் 4 செடி வரை வளர்க்கலாம். நம் நாட்டில் அதே செடியை வளர்த்தால் 1985-ஆம் வருஷத்துச் சட்டப்படி 10 வருஷம் வரை சிறை. அதனால்தான் இவ்வளவு நாள் வாய் திறக்கவில்லை. இரண்டு வகை வலிப்பு நோய்க்கான மருந்து ஒன்றை இந்தச் செடியிலிருந்தே எடுக்கிறார்கள், அமெரிக்காவில் 2018-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் நாங்கள் விளைவிப்பதெல்லாம் மருந்துக்குத்தான் போகிறது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் புகைக்கிறவர்களுக்குத்தான் போகிறது. நான் அதைத் தொட்டதில்லை. அம்மா மேல் சத்தியம்.

சரி, வேலையைச் சொல்கிறேன். உங்களுக்குப் பிடிக்கும்.

வெளியே பனி முழங்கால் வரை கிடக்கிறது. உள்ளே 26 டிகிரி. ஜன்னல் ஒன்றுகூட இல்லாத பெரிய கொட்டகை. நம் பந்தலில் மேலே புடலை, கீழே கீரை என்று ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல் எடுப்பீர்களே, அதைத்தான் இங்கே இரும்பில் செய்திருக்கிறார்கள். கன்றுகளுக்கு நாலு அடுக்கு, பூக்கிற செடிகளுக்கு இரண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கின் தலைக்கு மேலும் எல்இடி விளக்கு. முன்பெல்லாம் சோடியம் விளக்கு, அந்தச் சூட்டில் செடியைப் பக்கத்தில் வைத்தால் கருகிவிடும், அடுக்கவும் முடியாது. எல்இடி வந்த பிறகுதான் இப்படி மாடி மேல் மாடி கட்ட முடிந்தது. ரேக்குகளுக்குக் கீழே தண்டவாளம். கைப்பிடியைச் சுற்றினால் ரேக் நகர்ந்து வழிவிடும். பத்து ரேக்குக்கு ஒரே ஒரு நடைவழி போதும். வரப்புக்கு இடம் விடாமல் அரைக்காணியும் நட்டது மாதிரி.

விதை போடுவதில்லை. விதையில் ஆண் செடியும் வரும், பெண் செடியும் வரும். வேண்டியது பெண் செடியின் பூ மட்டும்தான். அதனால் நல்ல தாய்ச் செடியில் கிள்ளி, முருங்கைப் போத்து வைப்பது போல வேர்விட வைக்கிறோம். நம் ஊர்ச் சாமந்தி போல இதுவும் பகல் குறைந்தால்தான் பூக்கும். அதனால் முதலில் 18 மணி நேரம் வெளிச்சம், அப்புறம் 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் முழு இருட்டு. அந்த இருட்டு நேரத்தில் கதவிடுக்கில் வெளிச்சம் புகுந்தால்கூடப் பூ கெடும். வேர்விட மண்ணுக்குப் பதிலாக எதைப் போடுகிறோம் தெரியுமா? தென்னை நார்க் கழிவு. முதல் நாள் மூட்டையைப் பிரித்தபோது அதன் மேல் பொள்ளாச்சி என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் அந்த மூட்டை மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் ஒரு வரிசையை அப்படியே இழந்தோம். கீழ் அடுக்கில் காற்று தேங்கி, ஈரம் நின்று, பூவுக்குள் சாம்பல் பூசணம் பிடித்துவிட்டது. அடுக்கு வைத்தால் இடம் மிச்சம், ஆனால் செடி விடுகிற ஈரம் போக வழி வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் தனியாகக் காற்று போக வேண்டும். கீழே இன்னும் விசிறி வேண்டும் என்று நான் இரண்டு முறை சொன்னேன், கேட்கவில்லை. பூசணம் வந்ததும் நான் கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். கெட்டதை எடை போட்டு, கணக்கில் ஏற்றி, கேமரா முன் அழித்தோம். செடிக்குச் செடி கணக்கு இருக்கிறது இங்கே. அன்று இரவு சாப்பிடவில்லை. கத்தரியில் காய்ப்புழு விழுந்த வருஷம் நீங்கள் வயலுக்கே போகாமல் இருந்தது ஞாபகம் வந்தது. இப்போது விசிறி மாட்டிவிட்டார்கள்.

சின்னவன் வீட்டுக்குள் அடுக்கு விவசாயம் செய்யக் கடன் கேட்கிறான் என்றீர்களே. தயவுசெய்து தடுங்கள். விளக்கு, குளிர்சாதனம், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் எல்லாம் மின்சாரம்தான். கிராம் கணக்கில் விற்கிற பூவுக்கே இங்கே கம்பெனிகள் திணறுகின்றன. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் எப்படிக் கட்டும்? நம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் வெயிலுக்கா பஞ்சம்? நம்மிடம் இல்லாதது தண்ணீர். அவனுக்கு அடுக்கு ஆசை இருந்தால் கல்தூண் பந்தல் போடட்டும், சொட்டுநீர் போடட்டும். முள்ளுக் கத்தரி நம் மண்ணில் விளைகிற மாதிரி எந்த விளக்குக்குக் கீழேயும் விளையாது. பந்தலுக்கு ஆகிற பணத்தில் பாதி நான் அனுப்புகிறேன்.

இப்போது எழுதக் காரணம் பாப்பாதான். ராணிப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள், அண்ணன் என்ன வேலை என்று கட்டாயம் கேட்பார்கள். பாப்பாவிடம் முதலில் சொல்லுங்கள், அவளுக்குத் தெரிய வேண்டும். அவர்களிடமும் மறைக்க வேண்டாம், கல்யாணத்துக்குப் பிறகு வெளியே வந்தால் அவள்தான் தலைகுனிந்து நிற்பாள். நான் இல்லாத இடத்தில் நீங்கள் பதில் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம், நைனா. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நம்பரை அனுப்புங்கள். நானே பேசுகிறேன். நம் ஊரில் ராத்திரி எட்டு மணி என்றால் எனக்குக் காலை சாப்பாட்டு நேரம், தாராளமாகப் பேசலாம்.

அம்மாவின் முட்டி வலிக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். கிணற்றில் தண்ணீர் எத்தனை படி நிற்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்