கணக்கு ஆர்பிஜியிலேயே இருக்கட்டும்

அன்புள்ள நண்பா,

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். எனக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை, மற்றபடி நலம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில் உள்ள ஆர்டர் விவரத்தை வாடிக்கையாளர்கள் பிரௌசரில் பார்க்க வேண்டும், அதை எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டிருந்தாய். உன் மேலாளர் எல்லாவற்றையும் ஜாவாவில் புதிதாக எழுதச் சொல்கிறார். அதற்கு மட்டும் சம்மதிக்காதே. தள்ளுபடி, வரி, பழைய பாக்கி என்று இருபது வருடமாகச் சேர்ந்த விதிகள் அத்தனையும் அந்தக் கணினியின் பழைய மொழியான ஆர்பிஜியில் எழுதிய உங்கள் புரோகிராம்களில் இருக்கின்றன. பாதிக்கு வேறெங்கும் எழுத்தில் ஆதாரம் கிடையாது. கணக்கு அங்கேயே இருக்கட்டும். பக்கத்தைக் காட்டும் வேலைக்கு மட்டும் மொழி தேடு.

அந்தப் பக்கத்தையும் ஆர்பிஜியிலேயே எழுதலாம். அதற்கென்றே உள்ள சிஜிஐடெவ்2 என்ற கருவியை வைத்து நானே இரண்டு வருடம் எழுதினேன். எச்டிஎம்எல் தனிக் கோப்பில் இருக்கும், புரோகிராம் அதில் மதிப்புகளை நிரப்பி அனுப்பும். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் பக்கத்தின் தோற்றத்தை மாற்ற வருகிற இளைஞர்களுக்கு அது பிடிபடவில்லை; ஒரு பட்டனை நகர்த்தக்கூட என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதனால் நான் பிஎச்பி என்ற வலை மொழிக்குப் போனேன். 2006-இலிருந்து அது அதே ஏஎஸ்/400 பெட்டியில் ஓடுகிறது, தெரிந்த ஆட்களும் கிடைப்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் நன்றாக வரும் என்றால் அதைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் எடுத்துக்கொள், அதுவும் ஓடும். ஆர்பிஜி புரோகிராமை டேட்டாபேஸ் வழியாகக் கூப்பிடக்கூடிய ஸ்டோர்டு புரொசீஜராகப் பதிவு செய்துவிட்டால் எதிலிருந்தும் கூப்பிடலாம்.

மொழியைவிடப் பெரிய வேலை கணக்கையும் திரையையும் பிரிப்பதுதான். நம் பழைய புரோகிராம்களில் திரையைக் காட்டிப் பதிலுக்குக் காத்திருக்கும் இஎக்ஸ்எஃப்எம்டி கட்டளைக்கு முன்னும் பின்னும் கணக்கு சிதறிக் கிடக்கும். பழைய டெர்மினலின் பச்சைத் திரை இல்லாமல் அந்தக் கணக்கு ஓட வேண்டுமென்றால், அதை உருவி, பல புரோகிராம்களும் பகிரும் சர்வீஸ் புரோகிராமில் வைக்க வேண்டும். உருவும்போதே, நெடுவரிசைக் கட்டுப்பாடு இல்லாத ஃப்ரீ ஃபார்மில் எழுதிவிடு. 2013-க்குப் பிறகு எச், எஃப், டி ஸ்பெக்குகள் என்ற அறிவிப்பு வரிகளைக்கூட அப்படி எழுதலாம், புதியவர்களும் படிப்பார்கள்.

அப்புறம், சிசிஎஸ்ஐடி; எழுத்துகள் எந்தக் குறியீட்டில் இருக்கின்றன என்று சொல்லும் எண். என் முதல் பக்கத்தில் தொகைகள் எல்லாம் சரியாக வந்தன. வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தலையில் கோடு போட்ட விநோத எழுத்துகள். மூன்று நாள் பிஎச்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஃபீல்டு விவரம் காட்டும் டிஎஸ்பிஎஃப்எஃப்டி கட்டளை போட்டுப் பார்த்தால் அந்த ஃபீல்டில் 65535. அதாவது, எதையும் மாற்றாதே என்று அர்த்தம். ஆங்கிலப் பெரிய ‘ஏ’ (A), இந்தப் பெட்டியின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் 193, மற்ற கணினிகளின் ஆஸ்கியில் 65. மாற்றாமல் அனுப்பினால் பிரௌசர் என்ன செய்யும்? எல்லாக் கோப்புகளையும் முதலிலேயே பார்த்துவிடு. பெயரைத் தமிழிலும் காட்டுவதாக இருந்தால் ஆங்கிலத்துக்கான 37 உதவாது, அந்த ஃபீல்டை யூடிஎஃப்-8 ஆன 1208-இல் வை.

முதலில் ஆர்டர் விவரம் காட்டும் புரோகிராம் ஒன்றை மட்டும் எடு. அந்த புரோகிராமின் லிஸ்டிங்கை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எங்கே வெட்டலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து சீட்டுக்காரன்