சனிக்கிழமைச் சம்பள நாளுக்கு முந்தைய இரவு நீங்கள் செய்த அப்டேட் குறித்த புகார்

அனுப்புநர்: கணக்கு மேலாளர், பனியன் உற்பத்தி நிறுவனம், திருப்பூர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: உங்கள் சாப்ட்வேரில் இருந்த பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கு) சம்பள அறிக்கை நீக்கப்பட்டது, புகார்கள் தீர்க்கப்படாமல் மூடப்பட்டது, ஆண்டுச் சந்தாவைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சாட்டில் எழுதிப் பார்த்தேன், மெயில் அனுப்பினேன், புகார் டிக்கெட் போட்டேன். போட்ட டிக்கெட்டெல்லாம் "தீர்க்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் மூடிக் கிடக்கிறது. எதுவுமே தீரவில்லை. அதனால் முறையாக ஒரு கடிதமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து இதை ஒரு மனிதர் படிக்கட்டும்.

பழைய ரிப்போர்ட் மெனுவில் மூன்றாவதாக இருந்ததே, ஆபரேஷன் வாரியான, அதாவது ஒவ்வொரு தையல் வேலைக்கும் தனித்தனியான, பீஸ் ரேட் ஷீட், அதைத்தான் எடுத்துவிட்டீர்கள். அதன் இடத்தில் ஸ்டைல் வாரியாக மொத்த ரேட் மட்டும் வருகிறது. ஒரு டி-ஷர்ட்டைத் தைக்க மொத்தம் எவ்வளவு கூலி என்று அது சொல்கிறது. அந்தக் கூலி யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. தோள் ஜாயிண்ட் ஓவர்லாக் மெஷினில் ஒருவர் போடுகிறார், கழுத்து ரிப் இன்னொருவர், கை ஏற்றுவது வேறொருவர், பாட்டம் மடிப்பது பிளாட்லாக் மெஷினில் இருப்பவர். ஒவ்வொன்றுக்கும் தனி ரேட். பனியன் கம்பெனிகளுக்கென்றே சாப்ட்வேர் விற்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் விளம்பரத்தில் முதல் வரியே "பீஸ் ரேட் கவலை இனி இல்லை" என்பதுதான்.

இந்த மாற்றத்தை நீங்கள் செய்தது வெள்ளி இரவு. திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலை கொடுப்போம். காலையில் திறந்ததும் "உங்கள் அனுபவத்தை மேம்படுத்தியுள்ளோம்" என்று பலூன் பறக்கிற படம் வந்தது. அதற்குப் பின்னால் என் ஷீட் இல்லை.

மாலையில் டெய்லர்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். "எப்பங்க்கா குடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். வாடகை, சீட்டுப் பணம், ஞாயிற்றுக்கிழமைச் சாமான், எல்லாம் அந்தச் சனிக்கிழமைக் காசில்தான். அந்த நேரத்தில்தான் உங்கள் ஹெல்ப்லைனில் பேசிய அந்தத் தம்பி சொன்னார்: "இந்த ஒரு வாரம் நோட்டுல எழுதிக் குடுத்துடுங்க மேடம், முன்னாடி அப்படித்தானே செஞ்சீங்க?"

இந்த வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்கிக்கொண்டு, வேலை கெட்டுப்போனதும் நோட்டில் எழுதச் சொல்வதா? நோட்டில் எழுதவும் கட்டு வாரியான கணக்கு, யார் எந்தத் துணிக்கட்டைத் தைத்தார் என்பது, எனக்கு வேண்டுமே! அதுவும் உங்கள் சர்வரில்தான் இருக்கிறது. நான் இதைச் சொன்னதும் "சிஸ்டம் வேலை செய்யுது மேடம், வேற கஸ்டமர் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல, உங்களுக்குத்தான் பாக்கத் தெரியல" என்றார். அப்புறம் போனை வைத்துவிட்டார். அந்த அழைப்பு பதிவு செய்யப்பட்டது என்று உங்கள் இயந்திரக் குரல் சொன்னது. அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

அந்த வாரம் எல்லோருக்கும் அட்வான்ஸாக ஒரு தொகை கொடுத்து அனுப்பினோம். கூடக் குறைய வாங்கியதில் பிளாட்லாக் ஆட்கள் இருவர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆள் கிடைக்காத ஊர் இது. ஷிப்மெண்ட் தள்ளிப்போனது. இத்தனை வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரே வாரத்தில் போனது. இந்த நஷ்டத்தை நீங்கள் கொடுக்கும் எந்த டிஸ்கவுண்ட் கூப்பனும் ஈடுசெய்யாது.

சரி, எஸ்.எல்.ஏ. (சேவை இவ்வளவு கிடைக்கும் என்ற உத்தரவாதம்) விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் சேவை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம்தான் தடைபடலாம். நான் அதைக் கேட்டபோது "சர்வர் ஒரு நிமிஷம்கூட டவுன் ஆகல, அதனால மீறல் இல்ல" என்று பதில் மெயில் வந்தது. லாகின் ஆகிறது, பக்கம் திறக்கிறது, உள்ளே எனக்கு வேண்டியது இல்லை. உங்கள் கணக்கில் அது நூறு சதவீதச் சேவை. கரண்ட் இருக்கிறது, மெஷின் ஓடுகிறது, ஊசிதான் இல்லை என்றால் தையல் விழுமா?

கிளவுட் (இன்டர்நெட் வழியாக உங்கள் சர்வரில் ஓடும் சாப்ட்வேர்) வேண்டாம் என்று சொல்கிறவள் அல்ல நான். முன்பு ஒரே கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தது. ஹார்டு டிஸ்க் போனால் கதை முடிந்தது. இப்போது முதலாளி வெளியூரிலிருந்தே போனில் ஸ்டாக் பார்க்கிறார். டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் போன துணியின் சலானை ஆடிட்டர் தன் ஆபீஸிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். ஜாப் ஒர்க்குக்கு (வெளியில் கூலிக்குச் செய்து வாங்கும் வேலைக்கு) அனுப்பிய துணி ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சட்டப்படி அது அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஆகிவிடும். அதை உங்கள் சாப்ட்வேர் முன்கூட்டியே எச்சரிக்கும். நல்ல வசதி, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் பழைய சாப்ட்வேரில் புது வெர்ஷன் வந்தால் சீசன் முடியட்டும் என்று நாங்கள் நிறுத்தி வைப்போம். போடுவதா வேண்டாமா என்பது எங்கள் கையில் இருந்தது. கிளவுடில் உங்கள் சர்வரில் ஒரே புரோகிராம், அதைத்தான் எல்லாக் கம்பெனியும் பயன்படுத்துகிறோம். ராத்திரி நீங்கள் மாற்றினால் காலையில் எல்லோருக்கும் மாறிவிடுகிறது. அதனால்தான் பொறுப்பானவர்கள் முதலில் சிலருக்கு மட்டும் திறந்து பார்க்கிறார்கள், கொஞ்ச நாள் பழைய திரையையும் கூடவே வைக்கிறார்கள், கோளாறு வந்தால் உடனே பழையதற்குத் திரும்புகிறார்கள். இதெல்லாம் உங்கள் தொழிலில் அன்றாட விஷயம். ஒன்றைக்கூட நீங்கள் செய்யவில்லை.

உங்கள் மெயிலில் "தொடர் மேம்பாடு எங்கள் கலாச்சாரம்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். டொயோட்டா தொழிற்சாலையில் வேலை செய்யும் தொழிலாளி கோளாறைப் பார்த்தால் ஒரு கயிற்றை இழுப்பார், தலைமையாள் ஓடி வருவார், உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும். எதை மாற்றலாம் என்று அந்த வேலையைச் செய்கிறவரும் அங்கே சொல்லலாம். எங்கள் சின்னக் கம்பெனியில்கூட செக்கிங் டேபிளை ஜன்னலோரம் மாற்றியது அங்கே உட்காரும் அக்கா கேட்டுத்தான். கறை தெரியவில்லை என்றார், மாற்றினோம். நீங்கள் யாரைக் கேட்டு என் ஷீட்டை எடுத்தீர்கள்? நான் கயிற்றை இழுத்தேன். மறுமுனையில் ஒரு சாட்பாட் "இந்தப் பதில் உதவியாக இருந்ததா?" என்று கேட்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இன்வாய்ஸில் இருக்கும் உங்கள் கோவை அலுவலகம். நேரில் பேசினால் தீரும் என்று நம்பி, வேலையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து, அவினாசி சாலை நெரிசலில் வெந்து அங்கே போனேன். பல கம்பெனிகள் வாடகைக்கு மேசை எடுக்கும் கட்டிடம் அது. வரவேற்பில் இருந்த பெண், "அவங்களுக்கு இங்க லெட்டர் மட்டும்தான் மேடம் வரும், ஆள் யாரும் வர்றதில்ல" என்றார். பாவம், அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தின் பெயரால் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான், அதுவும் உங்கள் ஊழியர் அல்லாத ஒருவரிடமிருந்து.

எழுத மறந்தது: விற்பனைப் பதிவேட்டை எக்செலில் இறக்கினால் எச்.எஸ்.என். (சரக்கு வகை எண்) கட்டமும் இப்போது காலியாக வருகிறது. 6109 என்று போட்ட பில்லெல்லாம் வெறுமையாக இருக்கிறது. 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனைக் கணக்குப் படிவம்) போடாவிட்டால் எங்கள் பில் வாங்குபவரின் அந்த மாத 2பி-யில் (அவருடைய வரி வரவுப் பட்டியலில்) ஏறாது, அவருக்கு அந்த மாதம் வரி வரவு கிடைக்காது, அவர் எங்களுக்குப் பணத்தை நிறுத்துவார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கையால் நிரப்பினேன். இதற்கும் "புதிய டெம்ப்ளேட்" என்று ஒரு வரிப் பதில்தான். ஆபரேஷன் வாரி அறிக்கை இனி பிரீமியம் பிளானில் கிடைக்கும் என்று உங்கள் விற்பனைப் பிரிவு மட்டும் மறக்காமல் போன் செய்கிறது. எங்களிடமிருந்து எடுத்ததை எங்களுக்கே விற்பதை மேம்பாடு என்று என்னால் சொல்ல முடியாது.

எனவே பணிவுடன் கேட்கிறேன். இப்போதைய பிளானிலேயே அந்த ஷீட்டைத் திரும்பக் கொடுங்கள். எச்.எஸ்.என். கட்டத்தைச் சரிசெய்யுங்கள். எங்கள் முழுத் தரவையும் பி.டி.எஃப். ஆக அல்லாமல் எக்செலில் இறக்க வழி செய்யுங்கள், அது எங்கள் சொத்து. இனி எந்த மாற்றத்தையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள், வெள்ளி சனியில் கை வைக்காதீர்கள். இவை முடியாது என்றால் மீதி மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள். நோட்டில் எழுதச் சொன்ன அந்த ஊழியர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமைக்குள் பொறுப்பான ஒருவர் தன் பெயரும் நேரடி எண்ணும் போட்டுப் பதில் எழுதாவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும், அதோடு வக்கீல் நோட்டீஸும் வரும். ஒப்பந்தம், மூடப்பட்ட டிக்கெட்டுகள், உங்கள் பதில் மெயில்கள் எல்லாவற்றையும் அச்சிட்டு ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். எங்கள் தொழில் வட்டத்தில் உங்கள் சாப்ட்வேரை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் இந்தக் கடிதத்தின் நகலைத்தான் கொடுப்பேன்.

அந்த அளவுக்குப் போக விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், சாட்டில் வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கு மேலாளர்
திருப்பூர்