கூடை ஓரத்தில் இருந்த வெள்ளை மொட்டு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ ஜெர்மனிக் காட்டில் பறித்து அனுப்பிய காளான் படம் வந்தது. அப்பா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மஞ்சளாகச் சுருண்டிருந்ததும், தடித்த தண்டோடு பழுப்புக் குடை வைத்திருந்ததும் நீ பெயர் எழுதியிருந்ததால் தெரிந்தது. ஃபிஃபர்லிங், ஷ்டைன்பில்ஸ் என்று அக்கா வாசித்துக் காட்டினாள். அவற்றைப் பற்றி எனக்குப் பயமில்லை. கூடை ஓரத்தில் கோழி முட்டை மாதிரி வெள்ளையாக ஒன்று கிடந்ததே, "நம்ம வைக்கோல் காளான் மாதிரியே ஒண்ணு கிடைச்சது" என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கே போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. அக்காவும் போட்டாள். சில நாள் கழித்து "ஓகே அம்மா, பிஸி" என்று வந்தது. சாமி புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்தது. ஆனால் அந்த மொட்டைச் சமைத்தாயா, தூக்கிப் போட்டாயா என்று இன்னும் நீ சொல்லவில்லை.

அப்புச்சி தோட்டத்து வைக்கோல் போரடியில் நீ பறித்தது உனக்கு மறந்திருக்காது. நாலு மழை பெய்து, அடி வைக்கோல் கறுத்து நொதித்துக் கிடக்கும்போது சாம்பல் நிற மொட்டு தள்ளும். ஒரே ராத்திரியில் உறை கிழிந்து, அடியில் பை மாதிரி தங்கிவிடும். அதைப் பார்த்துப் பழகிய கண்தான் உன் கண். அந்தக் கண்ணை நம்பித்தான் அங்கேயும் பறித்திருக்கிறாய். ஆனால் கண்ணு, அந்தக் காட்டில் வைக்கோல் ஏது? நம் காளான் செத்த வைக்கோலைத் தின்று வளர்கிறது. அங்கே ஓக் மரம், பீச் மரத்தடியில் உயிருள்ள வேரோடு ஒட்டி வாழ்கிற ஒன்று இருக்கிறது. அதுவும் முட்டையாகத்தான் தள்ளும், அதற்கும் அடியில் பை உண்டு. மரணத் தொப்பி என்கிறார்கள். உன் ஊரில் அதற்குக் க்நோலன்பிளெட்டர்பில்ஸ் என்று பேராம். விரிந்த பிறகு தண்டில் ஒரு வளையம் தொங்கும், நம்முடையதில் வளையம் கிடையாது. நம் காளானின் குடைக்கடியில் உதிரும் தூள் இளஞ்சிவப்பு, அதன் தூள் வெள்ளை. மொட்டில் இதெல்லாம் தெரியாது. அதனால் மொட்டைத் தொடவே கூடாது.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அக்கா தேடி வாசித்துக் காட்டினாள். 2015ல் ஜெர்மனிக்கு வந்த அகதிகள் பலர், தங்கள் ஊரில் தின்கிற காளான் என்று நினைத்து இதைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஹனோவர் மருத்துவக் கல்லூரி அரபு மொழியிலும் போஸ்டர் அடித்து எச்சரிக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரத்தில் 2011ஆம் வருஷக் கடைசி ராத்திரி, சீனாவிலிருந்து வந்த ஒரு சமையல்காரர் தானே பறித்துச் சமைத்திருக்கிறார். வைக்கோல் காளான் என்று நினைத்திருக்கலாம் என்கிறார்கள். அவரும் கூடச் சாப்பிட்ட ஒருவரும் சில நாளில் போய்விட்டார்கள். எல்லோரும் உன்னைப் போல ஊர் விட்டு ஊர் போனவர்கள். காளான் தெரியாதவர்களுக்கு அது நடக்கவில்லை, தங்கள் ஊர்க் காளானை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் நடந்தது.

அது வேக வைத்தாலும் போகாது, காய வைத்தாலும் போகாது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல், சில பேருக்கு ஒரு நாள் வரைகூட ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. அடுத்து கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். சரியாகிவிட்டது என்று போர்த்திப் படுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மஞ்சள் போட்டுப் பார்ப்பது, பூண்டு கறுக்கிறதா என்று பார்ப்பது, நத்தை கடித்திருந்தால் நாமும் தின்னலாம் என்பது, எதையும் நம்பாதே. ஆத்தா சொன்னதாக இருந்தாலும் நம்பாதே.

அதனால்தான் கேட்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? புதுக் காளான் சமைத்தால் வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் இருக்க வேண்டும். பச்சையாக ஒன்றைத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும், டாக்டரிடம் காட்ட. படத்தில் மேசை மேல் ஒரே ஒரு தட்டு இருந்தது. மருமகளுக்குக் காளான் பிடிக்காது என்று எனக்குத் தெரியும், அதனால் அப்படி இருக்கலாம். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தனியாகக் காட்டுக்குப் போகாதே. நீ இருக்கும் நாட்டில் காளான் பார்த்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாமே. ஜெர்மன் காளானியல் சங்கம் 1921ல் தொடங்கியது, பரீட்சை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூடையைக் கொண்டுபோய் நீட்டினால் எது ஆகும், எது ஆகாது என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒருவர் பின்னால் ஒரு பருவம் முழுக்கச் சுற்று. கேட்டுக் கற்றுக்கொள்வதில் உனக்கு என்ன குறைச்சல்? சின்ன வயதிலும் நீ கேட்க மாட்டாய், நீயே கண்டுபிடித்தால்தான் ஒப்புக்கொள்வாய். அந்தக் குணம்தான் உன்னை அங்கே வரை கொண்டுபோனது. ஆனால் காளான் விஷயத்தில் அது வேண்டாம். இன்னொன்று, 1986ல் செர்னோபில்லில் அணு உலை வெடித்தபோது உங்கள் பவேரியாக் காட்டில் விழுந்த சீசியம் என்கிற கதிர்வீச்சுப் பொருள் இன்னும் மண்ணில் இருக்கிறதாம், சில காளான்களில் அது ஏறுகிறதாம். எப்போதாவது சாப்பிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். வாரா வாரம் கூடை கூடையாக வேண்டாம்.

நீ அனுப்பியிருந்த சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியை அக்கா தமிழில் சொன்னாள். கிட்டத்தட்ட 30 வருஷம் ஒரே காட்டில் பறித்துப் பார்த்தும், பறித்ததால் காளான் குறையவில்லை, ஆள் மிதித்த இடத்தில்தான் குறைந்தது என்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆத்தா காலை வைக்காமல் ஓரமாக நின்று கை நீட்டிப் பறிப்பாரே, அதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். நீ அதைப் படித்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்தாயே, அது போதும் எனக்கு. நான் கோவைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தபோது "காளான் விக்கப் போறியா" என்று கேட்ட பிள்ளை நீதானே!

ஆனால் நம் புற்றுக்காளானுக்கு மிதிப்பு மட்டும் பிரச்சினை இல்லை. போன மழைக்கு இடி இடித்த மறுநாள் கிணற்று மேட்டுப் புற்றைச் சுற்றிப் பூத்திருந்தது. நான் போவதற்குள் இரண்டு பையன்கள் கடப்பாரையோடு நின்றார்கள். தண்டு ஆழமாகப் போகிறதே, அடியோடு எடுத்தால் எடை வரும் என்று புற்றைப் பாதி பிளந்துவிட்டார்கள். உள்ளே கறையான் மென்று கட்டிய பழுப்புக் கூடு உடைந்து கிடந்தது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் கடுகளவு மணிகள். ஒரு கறையான் அந்த மணியை வாயில் கவ்விக்கொண்டு, போக இடமில்லாமல் என் கைவிரல் மேலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அந்த மணியும் காளானும் ஒன்றுதான். அது கறையான் வளர்க்கிற தோட்டம். அந்தக் கூடு போனால் அந்த இடத்தில் காளானும் போனது. பையன்களை உட்கார வைத்துச் சொன்னேன். தண்டை மண் மட்டத்தில் திருகி எடு, பாதியை விரிய விடு, அதிலிருந்து சிந்துகிற தூளை இளம் கறையான்கள் எடுத்துக்கொண்டு போய்த்தான் புதுப் புற்றில் தோட்டம் போடுகின்றன என்று. கேட்டுக்கொண்டார்கள். கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதையும் கேட்டார்கள். நம் காளான் குடிலில் அதை வளர்க்க முடியுமா என்று நீ கேட்டிருந்தாய். முடியாது. கறையான் இல்லாமல் அது வராது. உன் ஷ்டைன்பில்ஸும் அப்படித்தான், உயிருள்ள மரம் இல்லாமல் வராது. காட்டிலிருந்து கொஞ்சமாக எடுக்க வேண்டியது அது. நிறைய வேண்டுமென்றால் செத்ததைத் தின்று வளர்கிற சாதியை வீட்டில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால் நீ சிப்பிக்காளான் போடு. சமையலறையிலேயே போடலாம். பால் காளான் உனக்கு ஆகாது. 1998ல் வந்த ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தைத்தான் நான் கோடையில் போடுகிறேன், அருப்புக்கோட்டைப் பேர் அதற்கு, 30 டிகிரிக்கு மேல் வெயில் கேட்கும். உன் ஊர்க் குளிருக்குச் சிப்பிதான் சரி. முயலுக்கு விற்கிற வைக்கோல் கிடைக்குமாமே, அதை விரல் நீளத்துக்கு வெட்டி நாலைந்து மணி நேரம் ஊற வை. ஒரு மணி நேரம் கொதிக்க வை. வடித்து உலர்த்து. இங்கேதான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். ஈரம் மிஞ்சினால் பச்சைப் பூசணம் பிடித்து நாறிவிடும். பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாக வித்து, அதாவது காளான் இழை ஏற்றிய சோளம், மறுபடி வைக்கோல். நடுவில் வித்தைக் கொட்டாதே. பக்கத்துக்கு ஒரு ஓட்டை. இருட்டில் 15, 20 நாள் விடு. முழுக்க வெள்ளை ஓடிய பிறகு கிழித்துவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளி. ஊசித்தலை மொட்டு வந்தால் மூன்று நாலு நாளில் பறிக்கலாம்.

விளிம்பு மேலே சுருளுவதற்கு முன்னால் பறித்துவிடு. விட்டால் வெள்ளைத் தூளாகக் கொட்டும், உனக்கு வீசிங் இருக்கிறது. நான் குடிலுக்குள் மாஸ்க் போடாமல் போவதில்லை. நீ படுக்கிற அறையில் வைக்காதே. மாத்திரை, பஃப் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? முன்பெல்லாம் அவள்தான் எடுத்து வைப்பாள் என்று சொல்வாய்.

இப்போது புரட்டாசி. கவிச்சி சாப்பிடாத மாதம் என்பதால் கோபியில் விற்க எடுத்துவைத்தால் எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. வித்து வாங்கிய இடத்தில் இந்த முறை பழைய வித்தைத் தலையில் கட்டிவிட்டார்கள், சோளமே மஞ்சளாகிப் போயிருந்தது. அதில் ஒரு வரிசைப் படுக்கை போயிற்று. பரவாயில்லை. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நடவு முடிந்தது, தை அறுப்பில் புது வைக்கோல் வந்துவிடும். அக்கா பெண் வயசுக்கு வந்த சீருக்கு மாமா வரவில்லை, அது தனிக் கதை, போனில் சொல்கிறேன். நீ எடுத்தால்.

காட்டுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. நீ காட்டில் நடப்பது நல்லதுதான், அறையிலேயே அடைந்து கிடப்பதற்கு. படத்தில் மெலிந்த மாதிரி தெரிந்தாய். கூடையைத்தான் எடுத்தாய், ஆனாலும் கண்ணாடிக் கதவில் உன் உருவம் விழுந்திருந்தது. தாடி விட்டிருக்கிறாய். யாரையாவது கூட்டிக்கொண்டு போ. ஆபீஸ் பையன்கள் யாராவது வர மாட்டார்களா? தனியாகப் போகாதே, தனியாகப் பறித்ததைத் தனியாகச் சாப்பிடாதே.

தீபாவளி முடிந்ததும் நான் வருகிறேன். பாஸ்போர்ட் புதுப்பித்துவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. குடிலை அக்கா பார்த்துக்கொள்வாள். விசாவுக்கு நீ ஏதோ கடிதம் தர வேண்டுமாம், அதை மட்டும் அனுப்பு. அதற்குள் உங்கள் காளான் பருவம் முடிந்துவிடும் என்று அப்பா சொன்னார். முடியட்டும். குளிர் இறங்கியதும் செத்த பீச் மரத்தில் சிப்பிக்காளான் அதுவாகவே வருமாம் அந்தக் காட்டில். அதை யாரும் எனக்குக் காட்டித் தர வேண்டியதில்லை, தொட்டாலே தெரியும். வீட்டில் யார் இருந்தாலும், இல்லாவிட்டாலும், எனக்குப் படுக்க ஓரிடம் போதும். நான் எதுவும் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். குளிருக்கு என்னென்ன வேண்டும் என்று எழுது. திருப்பூரிலேயே எல்லாம் கிடைக்கும், அங்கே வந்து உன்னைச் செலவழிக்க விடக் கூடாது என்கிறார் அப்பா.

இப்படிக்கு,
அம்மா