அச்சகம் மூடவில்லை

கண்ணா,

நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். அம்மா தினமும் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். நான் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்களாம், தங்கை சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. ராத்திரி சரியாகத் தூங்குகிறாயா?

எதற்கும், செய்த வேலையை எழுதி வை. பதவிப் பெயரை யார் கேட்டார்கள்? என்ன சிக்கல் வந்தது, நீ என்ன செய்தாய், அதனால் எத்தனை நாள் மிச்சமானது, அதை எழுது. வேலை கையில் இருக்கும்போதே எழுது. அப்புறம் எதுவும் ஞாபகத்துக்கு வராது. பழைய சகாக்களிடம் காரியம் இல்லாதபோதும் பேசு. பதினொரு வருடமாக ஒரே மென்பொருள், அதில் நீதான் ராஜா. எனக்குப் பெருமைதான், பயமும் அதில்தான். என்னையும் ராஜா என்றார்கள்.

அச்சகத்தில் ஈய எழுத்தை, அது கிடக்கும் பெட்டியைப் பார்க்காமலே பொறுக்கிக் கோப்பேன். கம்ப்யூட்டரிலேயே பக்கம் கோக்கும் பேஜ்மேக்கர் 1985-லேயே வந்துவிட்டது. எங்கள் அச்சகத்துக்குள் அது நுழைந்தது 1993-இல். முழுதாக எட்டு வருடம் அவகாசம் இருந்தது எனக்கு. சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. மறுமாதமே நீ அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்னாய். உனக்கு எட்டு வருடமெல்லாம் கிடைக்காது, அதனால்தான் எழுதி வை என்கிறேன்.

அச்சகம் மூடிவிட்டார்கள் என்று அப்போது உங்களிடம் சொன்னேன் அல்லவா? மூடவில்லை. முதலாளி முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். "கம்ப்யூட்டரில் பக்கம் கோக்கும் டிடிபி கற்றுக்கொள்ளுங்கள், ஃபீஸ் நான் கட்டுகிறேன்" என்றார். மவுஸைப் பிடித்து ஆட்டுவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பையனுக்கு ஒரு சொல்லை எங்கே உடைப்பது, வரிக்கு வரி எவ்வளவு இடம் விடுவது, ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு தெருமுனையில் வந்து நிற்பான். வீட்டுக்கு வராதே என்று சொல்லியிருந்தேன். நின்றபடியே திருத்திக் கொடுப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே அப்படியே தேவைப்பட்டது. மெஷினைத்தான் தொடவில்லை.

எத்தனை மணியானாலும் கூப்பிடு. வேலை இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். அச்சக விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிடாதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா