தை மாத வேலைக்கு ஆடியிலேயே ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தை பிறந்தால் கல்யாணம், அறுபதாம் கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று செட்டிநாட்டு வீடுகளில் வரிசையாக விசேஷம் இருக்கும். ஐப்பசியில் எங்கள் கண்ணாடிப் பட்டறைக்கு வந்து, “முகப்பு ஜன்னலுக்குக் கலர் கண்ணாடி மாற்ற வேண்டும், மார்கழிக்குள் முடித்துவிடுங்கள்” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். முடியாது என்று சொல்ல எங்களுக்கும் சங்கடம்தான். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறோம்.

அடைமழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும், அது பர்மா தேக்கே ஆனாலும். அந்த நேரத்தில் அளவெடுத்துக் கண்ணாடி அறுத்தால், பங்குனி வெயிலில் சட்டம் சுருங்கியதும் கண்ணாடி கடகடவென்று ஆடும். இன்னொன்று, லப்பம். சாக்பவுடரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து கண்ணாடி ஓரத்தில் அடைக்கிற லப்பம் இறுகுவதற்குக் காய்ந்த காற்று வேண்டும். மழையில் வைத்த லப்பத்தை நகத்தால் கீறினால் வாரக்கணக்கில் கொழகொழவென்றே வரும். ஆகவே ஆடிக்குள் அளவெடுத்து, புரட்டாசிக்குள் பொருத்திவிடுவது எங்கள் வழக்கம்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 1940-கள் வரை கட்டிய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் உருக்கும்போதே நிறம் ஏற்றிய கண்ணாடி. நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்கு இரும்பு அல்லது குரோமியம். நிறம் உடம்பிலேயே இருப்பதால் எத்தனை வருஷ வெயிலுக்கும் வெளுக்காது. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி, “எல்லாம் மங்கிப்போச்சு தம்பி, புதுசா போட்டுடுங்க” என்றார்கள். பார்த்தால், கதவுக்கு வார்னிஷ் அடித்தவர்கள் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி ஓரத்தையும் சேர்த்தே பூசியிருக்கிறார்கள். அதன்மேல் விளக்குப்புகை வேறு. சுரண்டித் துடைத்ததும் அரைவட்டச் சட்டத்தில் இருந்த பச்சையும் மஞ்சளும் வெளிச்சமாகப் பட்டாலை என்கிற கூடம் வரைக்கும் விழுந்தன. உடைந்திருந்த இரண்டு துண்டை மட்டும் மாற்றினோம்.

மாற்றுவதில் சிரமம் கொடுப்பது சிவப்புதான். பழைய சிவப்புத் துண்டைக் கழற்றி விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலும் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளைக் (நிறமில்லாத) கண்ணாடியாகவும், ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய சிவப்புப் படலமாகவும் இருக்கும். முழுக் கனத்துக்கும் அந்தச் சிவப்பை ஏற்றினால் கறுப்பாகத் தெரியும் என்பதால் அப்படிச் செய்தார்கள். இதை அறுக்கும்போது வெள்ளை முகத்தில்தான் கட்டர் வைக்க வேண்டும். இந்த ரகம் கேட்டவுடன் கிடைக்காது, வரவழைக்க நாளாகும்.

“கடையில் சதுர அடி கால் விலைக்குக் கலர் கண்ணாடி இருக்கிறதே” என்கிறீர்கள். இருக்கிறது. அதில் பல, மேலே வண்ணம் பூசியவை அல்லது பிலிம் ஒட்டியவை. ஒரு மூலையை பிளேடால் சுரண்டினால் நிறம் கையோடு வந்துவிடும். மேற்கு வெயில் படும் ஜன்னலில் அது நிலைக்காது. குளியலறைக்குப் போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள். முகப்புக்கு நாங்கள் போட்டுத்தர மாட்டோம்.

இப்போது புதிதாக அதே பாணியில் வீடு கட்டுபவர்கள் பெவல் கண்ணாடியும் (ஓரம் சாய்வாகத் தேய்த்தது), துண்டுகளை ஈயப் (லெட்) பட்டையால் கட்டிய டிசைனும் கேட்கிறார்கள். செட்டிநாட்டில் வழக்கமாகக் கலர் துண்டுகள் மரச்சட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஈயம் கட்டுவது தேவாலய ஜன்னல் முறை. இரண்டும் அழகுதான். ஆனால் பழைய வீட்டுக்கு ஈயம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பெவல் என்பது ஐந்து, ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள வெள்ளைக் கண்ணாடியின் ஓரத்தை ஓர் அங்குலத்துக்குள் சாய்வாகத் தேய்த்து எடுப்பது. முதலில் முரட்டுச் சக்கரம், அப்புறம் நயமான கல். பிறகு பியூமிஸ் (நுரைக்கல் பொடி), கடைசியில் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சக்கரத்தில் சீரியம் ஆக்சைடு என்கிற மெருகுப் பொடி. நடுவில் அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், வெயிலில் பிடிக்கும்போது சாய்வில் மெல்லிய கீறல்கள் தெரிந்துவிடும். நேர்க்கோட்டை மெஷின் தேய்க்கும். வளைவைக் கையால் பிடித்துத்தான் தேய்க்க வேண்டும், உள்வளைவு என்றால் இன்னும் கஷ்டம். டிசைனில் உள்வளைவைக் குறைத்தால் விலையும் குறையும். சாய்வில் நேர் வெயில் பட்டால்தான் சுவரில் வானவில் விழும். வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் பெவல் கேட்டால், அந்தப் பணத்தைக் கிழக்கு ஜன்னலில் போடுங்கள் என்றுதான் சொல்வோம்.

ஈயம் உடம்புக்கு ஆகாது என்பதால், குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் ஈயப் பட்டை வேலை செய்து தருவதில்லை. ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பித்தளைக்குத் தேய்க்கிற நினைப்பில் புளியும் வினிகரும் அதன் பக்கமே போக வேண்டாம், ஈயத்தை அரிக்கும். சாதாரணமாகத் துடைக்க மெல்லிய துணியும் தண்ணீரும் போதும். பைப்பில் தண்ணீர் பீய்ச்சி அடிக்காதீர்கள்.

வேலை கொடுக்க விரும்புபவர்கள் ஜன்னலை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். எந்தத் திசை பார்த்தது, எத்தனை துண்டு உடைந்தது, கண்ணாடியைப் பிடித்திருப்பது லப்பமா, ரீப்பரா (மெல்லிய மரப்பட்டி) என்றும் எழுதுங்கள். உடைந்த சில்லு கிடைத்தால் காகிதத்தில் சுற்றி எடுத்து வையுங்கள், நிறம் பார்க்க அதைவிட நல்ல மாதிரி இல்லை. ஆளை அனுப்பி அளவெடுத்த பிறகே விலை சொல்வோம். பாதி முன்பணம், மீதி பொருத்தி முடித்து நீங்கள் பார்த்த பிறகு.

அன்புடன்,
பட்டறையிலிருந்து,
காரைக்குடி